ரேச்சல் கார்சன்

ரேச்சல் லூயிஸ் கார்சன் (மே 27, 1907 – ஏப்ரல் 14, 1964) ஐக்கிய அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த கடல் உயிரியலாளரும் எழுத்தாளரும் ஆவார். தமிழில் மௌன வசந்தம் எனக் குறிப்பிடப்படும் சைலன்ட் ஸ்பிரிங் என்னும் நூலை 1962இல் வெளியிட்டு, பூச்சிகொல்லிகளின் கட்டற்ற பயன்பாடு பற்றி உலகின் கவனத்தை ஈர்த்தவர். தற்காலச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இந்நூல் கருதப்படுகின்றது. இந்நூலின் பெரும்பகுதியைக் கார்சன் மார்பகப் புற்றுநோயுடன் போராடியபடியே எழுதினார். அந்நோய் பற்றிய உண்மை முதலில் அவரிடமிருந்தே மறைக்கப்பட்டது. பின்னர் அவர் அதனை உலகிடமிருந்து மறைத்தார்.

இளமையும் கல்வியும்

கார்சன் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகில் அலிகேனி ஆற்றங்கரையில் உள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ராபர்ட் கார்சன், தாய் மரியா. மூன்று பிள்ளைகளுள் இவரே இளையவர். குடும்பத்துக்குச் சொந்தமாக ஏறத்தாழ 65 ஏக்கர் நிலம் இருந்தது. பறவைகளையும் செடிகொடிகளையும் உற்றுநோக்கும் பழக்கத்தை இவருக்கு ஊட்டியவர் தாயே. 1918இல், தமது 11ஆம் வயதில், செயின்ட் நிக்கலஸ் என்ற சிறுவர் இதழில் இவரது முதற் கதை அச்சேறியது.

1925இல் பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தவர், 1928இல் உயிரியலுக்கு மாறினார். 1929இல் பட்டம் பெற்றபின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1932இல் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்ட ஆய்வைத் தொடரக் குடும்பத்தின் பொருளாதார நிலை இடந்தரவில்லை. அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். 1935இல் தந்தையும் காலமானார்.

அரசுப் பணியும் கடல் நூல்களும்

அமெரிக்க மீன்வளப் பணியகத்தில் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய வானொலித் தொடருக்கு எழுதத் தொடங்கிய கார்சன், 1936இல் அங்கேயே உயிரியலாளராக நிரந்தரப் பணி பெற்றார். இத்தகைய பணியில் அப்பணியகம் அமர்த்திய இரண்டாவது பெண் இவர். 1937இல் தமக்கை இரண்டு பெண் குழந்தைகளை விட்டு இறந்தார். அக்குழந்தைகளையும் தாயையும் காக்கும் பொறுப்பு, மணம் புரியாத கார்சனின் ஒற்றைச் சம்பளத்தின் மேல் விழுந்தது.

இவரது முதல் நூலான அண்டர் தி சீ-விண்ட், 1941 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியதால் நூல் கவனிப்பாரின்றிப் போனது. 1951இல் வெளியான தி சீ அரவுண்ட் அஸ் இதற்கு நேர்மாறான வெற்றியைப் பெற்றது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் இடம்பெற்ற இந்நூலுக்கு 1952இல் தேசிய நூல் விருது கிடைத்தது. அவ்வாண்டே அரசுப் பணியை விட்டு விலகி முழுநேர எழுத்தாளரானார். மேய்ன் மாநிலத்தின் சவுத்போர்ட் தீவில் கடலோரமாக ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். அங்கு அண்டைவீட்டாராக அறிமுகமான டொரத்தி ஃபிரீமன் இவரது வாழ்நாளின் மிக நெருங்கிய தோழியானார். இருவரும் 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 900 கடிதங்கள் எழுதிக்கொண்டனர். கார்சனின் நோய் பற்றி இன்று நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி இக்கடிதங்களின் வழியே தெரியவந்ததாகும். தி எட்ஜ் ஆஃப் தி சீ என்னும் மூன்றாவது கடல் நூல் 1955இல் வெளிவந்தது.

கடல் நூலின் வெற்றிக்குச் சற்று முன்னர், 1950 செப்டம்பரில், இவரது இடது மார்பகத்தில் இருந்த ஒரு சிறு கட்டி அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. அது புற்றுநோயா எனக் கார்சன் வினவினார். அன்று எனப் பதில் கிடைத்தது. தொடர் சிகிச்சை எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை. சில நாள் ஓய்வுக்குப்பின் கார்சன் எழுத்துக்குத் திரும்பிவிட்டார்.

மௌன வசந்தத்தின் தொடக்கம்

டி.டி.டி. பற்றிய கவலை கார்சனுக்குப் புதிதன்று. 1945இலேயே அது குறித்து ஒரு கட்டுரை எழுத முன்வந்து, ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழால் மறுக்கப்பட்டவர் அவர். 1958 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒல்கா ஹக்கின்ஸ் என்பவர், வானூர்தியிலிருந்து தெளிக்கப்பட்ட மருந்தால் தம் தோட்டத்துப் பறவைகள் மடிந்ததை விவரித்து எழுதிய கடிதம் கார்சனை மீண்டும் இப்பொருளுக்குத் திருப்பியது.

வேலை எளிதாக நடைபெறவில்லை. 1957 தொடக்கத்தில் தமக்கை மகள் ஒருவர் இறக்க, அவருடைய 5 வயது மகனைக் கார்சன் தத்தெடுத்திருந்தார். 1958 டிசம்பரில் தாய் மரியா காலமானார். 1960 தொடக்கத்தில் கார்சனுக்குக் குடற்புண் ஏற்பட்டது. அச்சமயம் அவர், வேதிப்பொருள்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் இயல்களை எழுதிக்கொண்டிருந்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வில்ஹெல்ம் ஹியூப்பர் போன்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளைச் சேகரித்துப் படித்துவந்த அந்த வாரங்களில்தான் அவரது இடது மார்பகத்தில் மீண்டும் கட்டிகள் தென்பட்டன.

1960 அறுவைச் சிகிச்சை

1960 ஏப்ரலில் வாஷிங்டன் நகர மருத்துவமனை ஒன்றில் கார்சனுக்கு அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. இரண்டு கட்டிகளுள் ஒன்று தீங்கற்றதாகத் தோன்றியது. மற்றது ஐயத்துக்கு இடமளித்தமையால் முழுமையான மார்பக அகற்றல் செய்யப்பட்டது. வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறை இது. மார்பகத்துடன் அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் சேர்த்து எடுக்கப்படும். கை வீக்கமும் தோள் அசைவுக் குறைவும் பலருக்கு வாழ்நாள் முழுதும் தொடரும். அக்காலத்தில் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தித் திசுவை எடுத்து உடனே சோதித்து, அதே மயக்கத்திலேயே மார்பகத்தையும் அகற்றிவிடுவது பரவலான வழக்கமாக இருந்தது. கட்டியோடு உறங்கச் சென்ற பெண், விழித்தபின்பே தனக்கு என்ன செய்யப்பட்டது என்பதை அறிவாள்.

அறுவை முடிந்தபின் கார்சன் மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டார். புற்றுநோயின் எல்லையைத் தொடும் நிலை மட்டுமே என்ற பொருளில் அவருக்கு விடை அளிக்கப்பட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சையோ வேறு சிகிச்சையோ அவசியமில்லை என்றும் கூறப்பட்டது. உண்மையில் கட்டி புற்றுநோயாகவே இருந்தது. நிணநீர்க் கணுக்களுக்கும் அது பரவியிருந்தது. விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, புற்றுநோய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை நாள்தோறும் வாசித்துவந்த ஒருவரிடமே இவ்வாறு சொல்லப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இதனை ஒரு தனி மருத்துவரின் போக்கு என்று மட்டும் கொள்ள இயலாது. 1961இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் டொனால்ட் ஓக்கன் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றின் 219 மருத்துவர்களிடம் இது குறித்து வினவப்பட்டது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார் என்பது அவர்கள் கூறிய காரணம். மணமான பெண்ணாயின் கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு அவளிடம் மறைப்பதும் உண்டு. தனித்து வாழ்ந்த கார்சனின் பொருட்டு அவ்வாறு கேட்டறியவும் ஒருவர் இல்லை. இதே வினா 1979இல் மீண்டும் மருத்துவர்களிடம் கேட்கப்பட்டபோது 97 விழுக்காட்டினர் உண்மையைச் சொல்வதே தம் வழக்கம் என்றனர். 18 ஆண்டுகளில் ஒரு தொழிலின் வழக்கம் இவ்வளவு தலைகீழாக மாறியது வியப்புக்குரியது. ஆனால் அம்மாற்றம் கார்சனுக்குக் காலம் கடந்தே வந்தது.

உண்மை வெளிப்படல்

1960 நவம்பரில், அறுவை செய்யப்பட்ட பக்கத்தில் விலா எலும்பை ஒட்டி ஒரு கடினமான வீக்கத்தைக் கார்சன் கண்டார். இம்முறை அவர் முன்னைய மருத்துவரின் சொல்லோடு நிற்கவில்லை. தமக்கு ஏற்கெனவே அறிமுகமாயிருந்த, கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைலை நாடினார். டிசம்பரில் கிளீவ்லாந்து சென்றபோது, ஏப்ரலில் அகற்றப்பட்டது புற்றுநோய்க் கட்டியே என்பதையும் அது அப்பொழுதே பரவியிருந்ததையும் கிரைல் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். அறுவைக்கும் இந்த அறிதலுக்கும் இடையே எட்டு மாதங்கள் கடந்திருந்தன.

கிரைல் அக்கால மருத்துவ உலகில் மாறுபட்ட கருத்துடையவர். ஹால்ஸ்டெட் முறை தேவைக்கு மிஞ்சியது என வாதிட்டு, 1950களின் நடுப்பகுதியிலிருந்தே சிறிய அறுவைச் சிகிச்சைகளை ஆதரித்துவந்தார். அதனால் சக மருத்துவர் பலரின் கண்டனத்துக்கும் ஆளானார். நோயாளி தம் நிலையை அறிந்து, சிகிச்சையைத் தாமே தெரிவு செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. தம்மைச் சிந்திக்கத் தெரிந்த ஒருவராக மதித்து உண்மையைக் கூறியதற்காகக் கார்சன் அவருக்கு நன்றி தெரிவித்து எழுதினார். பின்னாளில் கிரைலின் மனைவி ஜேனும் இதே நோயால் 1963இல் இறந்தார்.

உண்மை தெரிந்ததும் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கப்பட்டது. இதனோடு வேறு தொல்லைகளும் சேர்ந்தன. 1961 தொடக்கத்தில் தொற்று நோயும் மூட்டு வீக்கமும் அவரை நடக்க இயலாமல் முடக்கின. அவ்வாண்டின் இறுதியில் கண் அழற்சியால் பல வாரங்கள் படிக்கவோ எழுதவோ முடியவில்லை. உதவியாளர் வாசிக்கக் கேட்டே படியைத் திருத்தினார். 1962இன் தொடக்கத்தில் மேலும் கட்டிகள் தோன்றவே, மீண்டும் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. நூல் அச்சுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது.

நூல் வெளியீடும் எதிர்ப்பும்

மௌன வசந்தம் 1962 ஜூன் முதல் நியூயார்க்கர் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, செப்டம்பர் 27 அன்று நூலாக வெளியிடப்பட்டது. டி.டி.டி. முதலிய வேதிப்பொருள்கள் மண், நீர், உணவு ஆகியவற்றின் வழியே உயிர்களின் உடலில் சேர்ந்து பெருகுவதை நூல் விரிவாக எடுத்துரைக்கின்றது. கார்சன் பூச்சிகொல்லிகளை அடியோடு தடை செய்யக் கோரினார் என்று பலர் எழுதுவதுண்டு, அது சரியன்று. கண்மூடித்தனமான பயன்பாட்டையே அவர் எதிர்த்தார். அளவு மீறிய தெளிப்பால் பூச்சிகள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும், அதனால் நோய்க் கட்டுப்பாட்டுக்கும் அம்மருந்து பயனற்றுப்போகும் என்றும் எச்சரித்தார்.

வேதிப்பொருள் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. வெல்சிகால் நிறுவனம் வெளியீட்டாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மான்சாண்டோ நிறுவனம் நூலைக் கேலி செய்யும் ஒரு கட்டுரையை வெளியிட்டது. கார்சன் உணர்ச்சிவசப்பட்ட பெண் என்றும், மணமாகாதவருக்கு வருங்காலத் தலைமுறை பற்றி என்ன கவலை என்றும் தனிப்பட்ட தாக்குதல்களும் எழுந்தன.

இச்சூழலில் நோய் வெளியே தெரிந்தால், இது புற்றுநோய்க்காரியின் மனக்கசப்பில் பிறந்த நூல் என்று கூறி அதன் சான்றுகளை எளிதில் ஒதுக்கிவிடுவர் எனக் கார்சன் அஞ்சினார். ஆகவே நெருங்கிய சிலரைத் தவிர வேறெவரிடமும் அதனைச் சொல்லவில்லை. அறிந்தவர்களையும் காக்கும்படி வேண்டிக்கொண்டார். சிகிச்சையால் முடி உதிர்ந்ததை மறைக்கப் பொய்முடி அணிந்தார். நடை தளர்ந்ததற்குக் கேட்டவர்களிடம் மூட்டுவாதத்தைக் காரணம் காட்டினார். முன்பு மருத்துவரின் மௌனத்தால் இழப்புக்குள்ளானவர், இப்போது தம் நூலைக் காக்கத் தாமே மௌனம் பூண்டார். முன்னதை அவர் தெரிவு செய்யவில்லை. பின்னதைத் தெரிவு செய்தார் என்பதே வேறுபாடு.

1962 நவம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் எரிக் செவரைட் கார்சனின் இல்லத்தில் பேட்டி எடுத்தார். 1963 ஏப்ரல் 3 அன்று ஒளிபரப்பான அந்நிகழ்ச்சியில், வெள்ளை மேலங்கியணிந்து உரத்துப் பேசிய நிறுவன அறிவியலாளர் ராபர்ட் வைட்-ஸ்டீவன்சுக்கு எதிரே, கார்சன் அமைதியாகவும் நிதானமாகவும் விளக்கமளித்தது பார்வையாளர் பலரை அவர் பக்கம் திருப்பியது. மே 15 அன்று குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை நூலின் அடிப்படைக் கருத்தை ஆதரித்தது. ஜூன் 4 அன்று அமெரிக்க மேலவையின் துணைக்குழு முன் கார்சன் சாட்சியமளித்தார். நோய் அப்போது எலும்புகளை எட்டியிருந்தது. அவையில் இருந்தவர்களோ அவர் நோயுற்றவர் என்பதை அறியவில்லை.

இறுதிக் காலம்

1963 கோடையைக் கார்சன் கடைசி முறையாக மேய்ன் கடலோர வீட்டில் கழித்தார். செப்டம்பரில் ஒருநாள் டொரத்தியுடன் கடற்கரையில் அமர்ந்து, வலசை செல்லும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்தார். அவை திரும்பிவரப் போவதில்லை என்பதை இருவரும் அறிந்திருந்தனர் என்றும், அது துயரமாகத் தோன்றவில்லை என்றும் அன்றே தோழிக்கு எழுதினார். அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் உரை நிகழ்த்தினார். அங்கு அவர் நெடுநாள் காண விரும்பிய மியூர் வுட்ஸ் செம்மரக் காட்டைச் சக்கர நாற்காலியில் அமர்ந்து பார்த்தார்.

1964 மார்ச்சில் நோய் கல்லீரலுக்குப் பரவியிருப்பது தெரியவந்தது. ஏப்ரல் 14 அன்று மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங்கிலுள்ள தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. அவரது அஸ்தியின் ஒரு பகுதி தாயின் கல்லறை அருகே புதைக்கப்பட்டது. மறு பகுதியை டொரத்தி சவுத்போர்ட் தீவின் கரையில் தூவினார். தத்து மகனை அவரது பதிப்பாசிரியர் பால் புரூக்ஸ் குடும்பத்தினர் ஏற்று வளர்த்தனர்.

கார்சனின் காலமும் மார்பகப் புற்றுநோய் கண்டறிதலும்

கார்சனின் இரு கட்டிகளும் தொட்டுணரத்தக்க அளவு வளர்ந்தபின் கண்டறியப்பட்டவை. கைக்குத் தட்டுப்படாத கட்டிகளையும் காட்டவல்ல மேமோகிராம் என்னும் மார்பக ஊடுகதிர்ப் படமுறையை ஹூஸ்டன் நகரில் ராபர்ட் ஈகன் செம்மைப்படுத்தி, தம் ஆய்வு முடிவை 1960இல் வெளியிட்டார். கார்சனுக்கு அறுவை நடந்த அதே ஆண்டு அது. நோய் அறிகுறி ஏதுமற்ற பெண்களையும் இவ்வாறு பரிசோதித்தால் இறப்பு குறையுமா என்பதை அறியும் முதற் பேராய்வு 1963 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கியது. 40 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 62,000 பெண்கள் இதில் உட்படுத்தப்பட்டனர். இதனை நடத்தியவர்களுள் ஒருவரான பிலிப் ஸ்டிராக்ஸ், தம் மனைவியை இந்நோய்க்கு இளவயதிலேயே பலிகொடுத்தவர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் மார்பகப் புற்றுநோய் இறப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1971இல் வெளியான முடிவு தெரிவித்தது. இன்று அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 40 முதல் 74 வயது வரையிலான பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைச் செய்துகொள்ளும்படி 2024 முதல் பரிந்துரைக்கின்றது. இதற்கிடையில் வலியற்ற கட்டி, தோலில் குழிவு, முலைக்காம்பு உள்வாங்கல், காம்பிலிருந்து குருதி கலந்த கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் எந்த வயதினராயினும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் அதைத் திசுப்பரிசோதனையே உறுதி செய்ய இயலும். அதன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமையும் இன்று நோயாளிக்கு உண்டு.

ஹால்ஸ்டெட் முறை 1970களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதைவிடச் சிறிய அறுவைகளிலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறையவில்லை என்பதை 1971இல் தொடங்கிய பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 1974இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்ட் தமக்கு மார்பகப் புற்றுநோய் என்பதை வெளிப்படையாக அறிவித்தபோது, பெண்கள் பெருந்திரளாகப் பரிசோதனைக்கு முன்வந்தனர். கார்சன் மறைந்து அப்போது 10 ஆண்டுகளே ஆகியிருந்தன.

நோயும் டி.டி.டி.யும்

கார்சனின் புற்றுநோய்க்குப் பூச்சிகொல்லிகளே காரணம் எனச் சில கட்டுரைகளில் காணப்படும் கூற்றுக்கு ஆதாரமில்லை. தனி ஒருவரின் நோய்க்குக் காரணத்தை இவ்வாறு நிறுவுதல் இயலாது. கார்சனும் அவ்வாறு கூறவில்லை. டி.டி.டி.க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் பொதுவாகத் தொடர்பு உண்டா என்பது குறித்து ஆய்வுகள் மாறுபட்ட முடிவுகளைத் தந்துள்ளன. முதிர்ந்த பெண்களின் குருதியை அளந்த ஆய்வுகள் பலவற்றில் தொடர்பு தென்படவில்லை. ஆனால் 1960களில் சேமித்து வைக்கப்பட்ட குருதியைக்கொண்டு கலிபோர்னியாவில் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, இளம்பருவத்திலேயே டி.டி.டி.க்கு மிகுதியாக உட்பட்டவர்களிடம் பிற்காலத்தில் இந்நோய் கூடுதலாக இருந்ததைக் கண்டது. உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் டி.டி.டி.யை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள்களின் வகையில் சேர்த்தது.

மறைவுக்குப் பின்

1970இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அமைக்கப்பட்டது. 1972இல் அது டி.டி.டி.யின் வேளாண் பயன்பாட்டைத் தடை செய்தது. 1980இல் கார்சனுக்கு அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது.

அவரது நோயின் முழு வரலாறு நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாதிருந்தது. டொரத்தியுடனான கடிதங்கள் 1995இல் நூலாக வந்தபின்னும், லிண்டா லியர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1997இல் வெளிவந்தபின்னுமே பலர் அதனை அறிந்தனர். மார்பகப் புற்றுநோய்க்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராய மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பெண்களின் முயற்சியால் 1994இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்குச் சைலன்ட் ஸ்பிரிங் நிறுவனம் எனப் பெயரிடப்பட்டுள்ளது.